சூடான ஊசி

நடந்தது இவ்வளவுதான்:

1. மகேஸ்வரிக்குப் பள்ளிக்கூட வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. இதய வால்வு ஒன்று பழுதானது.
2. அந்தக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மாதம் ஒரு பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். பல வருடம் ஒழுங்காகப் போட்டாள்.
3. கல்யாணமான பிறகு ஒருநாள், ஊசி சூடாக இருக்கிறது, அரிக்கிறது என்று கிளினிக்கில் சொன்னாள். பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதி ஊசியை நிறுத்திவிட்டார்கள்.
4. சில வருடம் கழித்து அதே வால்வில் கிருமி பிடித்து, விடாத காய்ச்சலோடு எங்கள் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்தாள்.
5. அந்தக் கிருமிக்குச் சரியான மருந்து பென்சிலின்.
6. நான் இப்போது அரசாங்க ஆஸ்பத்திரி வேலையில் இல்லை.

மருத்துவ மாணவர்கள் சிலர் கொண்டுவரும் தமிழ் மலரில் ‘ஓய்வு பெற்ற மருத்துவர்களின் அனுபவம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். எனக்கு முப்பத்தைந்து வயது. ஓய்வு பெறவில்லை, விலகினேன் என்று திருத்தினேன். போனில் பேசிய மாணவி சிரித்தாள். “பரவாயில்லக்கா. இப்ப அந்தப் பகுதிக்கு அறுபது வயசுக்காரங்களவிட உங்க வயசுக்காரங்கதான் கூட கெடைக்கிறாங்க.” பிறகு குரலை இறக்கி, உண்மையில் கேட்க நினைத்ததைக் கேட்டாள்: “ஏன் விட்டீங்க?”

சம்பளம், சம்பளம் என்று எல்லோரும் சொல்லும் பதிலை நானும் சொல்லியிருக்கலாம். அது பொய்யுமில்லை. ஆனால் மேலே உள்ள ஆறாவதை முதல் ஐந்தோடு சேர்த்துச் சொன்னால்தான் என் பதில் எனக்கே விளங்குகிறது.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெலிஓயாவில் வளர்ந்தேன். அப்பா தபால் கந்தோரில் கிளார்க். பள்ளிக்கூடம் தமிழில், மருத்துவம் ஆங்கிலத்தில், வேலை சிங்களத்தில். மூன்றுக்கும் நடுவில் பாலம் போடுவது என் வேலையின் ஒரு பகுதி என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்டிக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவ வாட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, மாலைதீவு என்று போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களின் இடத்துக்கு ஆள் வரவில்லை. மிஞ்சியவர்களில், பயிற்சிக்கு வருகிறவர்களை விட்டால், தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். சத்திர சிகிச்சை வாட்டில் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் எனக்கு அழைப்பு வரும். பிரசவ வாட்டில் ஒரு பெண் அழுகிறாள், என்னவென்று தெரியவில்லை என்றாலும் எனக்குத்தான். “ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க” என்பார்கள். அந்த ஒரு நிமிடம் எப்போதும் ஒரு நிமிடமாக இருந்ததில்லை.

மகேஸ்வரிக்கு என் வயதுதான். வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. கணவர் பிரபு ஆட்டோ ஓட்டுகிறார். அவள் வந்த அன்று, பயிற்சி மருத்துவன் சுதர்சன் கட்டிலருகே நின்று விசாரித்துக்கொண்டிருந்தான். சுதர்சன் யாழ்ப்பாணம். நல்ல கெட்டிக்காரன். அவனுக்கும் தமிழ்தான், ஆனால் வேறு தமிழ்.

“அம்மா, உங்களுக்குப் பென்சிலின் ஒவ்வாமை எண்டு எழுதிக் கிடக்கு. ஊசி போட்டாப் பிறகு உடம்பில தடிச்சதோ? மூச்சு முட்டினதோ?”

மகேஸ்வரி கணவரைப் பார்த்தாள். “என்னங்க சொல்றாரு?”

“ஒத்துக்குமான்னு கேக்குறாரு போல.”

“ஒத்துக்காதுங்க. சூடு.”

சுதர்சன் என் பக்கம் திரும்பினான். “அக்கா, சூடெண்டால் காய்ச்சலோ?”

“எந்தச் சூடுன்னு கேக்கணும் தம்பி.”

“எத்தினை சூடு இருக்கு?”

நியாயமான கேள்வி. எங்கள் ஆட்களிடம் கண் எரிந்தால் சூடு. சிறுநீர் கடுத்தால் சூடு. முதுகில் கட்டி வந்தால் சூடு. வாய்ப்புண் சூடு. அன்னாசி சூடு, இறால் சூடு, ஆஸ்பத்திரி மாத்திரை எல்லாமே சூடு. நானும் அந்தச் சொல்லோடு வளர்ந்தவள்தான். ஆனால் மருத்துவப் புத்தகத்தில் அப்படி ஒரு நோய்க்குறி இல்லை. அதனால் அதைக் கேட்கிற டொக்டர் ஒன்று காதில் போட்டுக்கொள்ள மாட்டார், அல்லது தனக்குத் தெரிந்த ஒரு சொல்லாக மாற்றி எழுதிக்கொள்வார். மகேஸ்வரியின் விஷயத்தில் மாற்றி எழுதியிருந்தார்கள்.

நான் கேட்டபோது பிரபுதான் பதில் சொன்னார். “கண்ணு எரியும் டொக்டர். ஒடம்பெல்லாம் அரிக்கும்னு சொல்லுவா. அதான் நிப்பாட்டிட்டாங்க.” மகேஸ்வரி போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டு, “ஆமாங்க” என்றாள்.

ஊசி போட்ட பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. அப்படியென்றால் அது ஒவ்வாமைதான். அடுத்த தடவை மூச்சுக்குழாய் அடைக்கலாம், இரத்த அழுத்தம் விழலாம், நிமிடங்களில் உயிர் போகலாம். மாற்று மருந்து ஒன்றில் ஏற்கெனவே தொடங்கியிருந்தோம். ஆனால் அது தட்டுப்பாட்டில் இருந்தது. வாட்டின் மருந்து அலுமாரியில் இருந்த குப்பிகள் பாதிச் சிகிச்சைக்குக்கூடப் போதாது. பிரபு கண்டியிலும் பிலிமத்தலாவையிலும் மருந்துக் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார். பாதியில் நின்றால் கிருமி வால்வைத் தின்றுவிடும்.

அடுத்த நாள் காலை மெடம் வாட்டுக்கு வந்தார். அவர் எங்கள் விசேட வைத்திய நிபுணர், சிங்களவர், கண்டிக்காரர். தமிழ் தெரியாது. கட்டிலருகே வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போடுவார். ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி, நோயாளியின் கண்ணுக்கு நேரே உட்காருவார். ஒரு கேள்வியை ஒரு தரம்தான் கேட்பார்; பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த அமைதியில் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது, சுற்றி நிற்கிற எங்களுக்குத்தான் வியர்க்கும். குரலை உயர்த்தாமலே ஆளை உரித்துவிடுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, ‘நெஞ்சு வலி’ என்று எங்கள் சொல்லைப் போட்டால் கையை உயர்த்தி நிறுத்துவார். “எயாகே வச்சனென்ம” என்பார். நோயாளியுடைய சொல்லிலேயே சொல்லு என்று அர்த்தம். தமிழ் நோயாளி என்றால் தமிழில்தான் முதலில் சொல்ல வேண்டும். “நெஞ்சு கரிக்குது” என்று நான் சொன்னால், அவர் அதைக் கரடுமுரடாகத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். கட்டில்களில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். அதன் பிறகுதான் மொழிபெயர்ப்பு, அதற்கும் பிறகுதான் எங்கள் கருத்து. வந்த புதிதில் இது நேரத்தை வீணாக்கும் நாடகம் என்று எனக்குத் தோன்றியது.

“உண்மையான ஒவ்வாமை என்றால் கொழும்பில் மருந்து தேடுவோம்” என்றார் மெடம். “இல்லையென்றால் இன்றைக்கே பென்சிலின். எது?”

நான் சொன்னேன்: சூடு, கண் எரிச்சல், உடம்பெல்லாம் அரிப்பு.

“யார் சொன்னது?”

“கணவர், மெடம்.”

கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். “ஊசி போட்டது அவருக்கா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று மகேஸ்வரியை எக்கோ பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தள்ளுகதிரையோடு நானே போனேன். அங்கே வரிசை நீண்டு, படிக்கட்டு வரை நின்றது. யன்னலோரமாகக் கதிரையை நிறுத்தி, பக்கத்தில் குந்திக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரபு மருந்துக் கடைக்குப் போயிருந்தார்.

“அந்த ஊசியப் பத்திச் சொல்லுங்க மகேஸ்வரி. போட்ட ஒடனேயா அரிச்சிச்சு?”

“ஒடனே இல்லங்க. ரெண்டு மூணு நாள் போகும்.”

“தோல்ல தடிச்சிச்சா? வாய், கண்ணு வீங்கிச்சா?”

“இல்லியே.”

“மூச்சு?”

“மூச்சுக்கு என்னங்க? நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப எங்க அரிச்சிச்சு?”

யன்னலுக்கு வெளியே பார்த்தாள். நானும் மெடம் மாதிரி பார்த்துக்கொண்டிருக்க முயன்றேன். எனக்கு அது வராது. கால் ஆடத் தொடங்கிவிடும். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

“சொன்னா சிரிக்கக்கூடாது.”

“சிரிக்க மாட்டேன்.”

“வெள்ளை படும் டொக்டர். கட்டி கட்டியா. அங்கதான் அரிப்பு. தாங்க ஏலாது.”

“வேற எங்கயும் இல்லியா?”

“வேற எங்க? சூடுன்னா அதுதானே. எங்கட பொம்பளைங்ககிட்ட கேட்டா யாருக்கும் வெளங்கும்.”

பென்சிலின் கெட்ட கிருமியோடு நல்ல கிருமியையும் கொல்லும். அப்போது பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சை பெருகும். அரிக்கும், வெள்ளை படும். கொஞ்சம் மருந்தில் போகிற தொல்லை அது. ஒவ்வாமைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“கிளினிக்ல இதச் சொல்லலையா?”

“எப்பிடிங்க சொல்றது? டொக்டர் ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. கிளினிக் வேலைக்கார அண்ணன் ஒருத்தர்தான் ரெண்டு பக்கமும் பேசுவாரு. நல்ல மனுசன். ஆனா எங்க தோட்டத்து ஆளு, எங்க மாமாவோட கூட்டாளி. அவர்கிட்டப் போயி... சூடுன்னேன். வெளங்கல. அரிக்குதுன்னேன். எங்க அரிக்குதுன்னாரு.” மகேஸ்வரி வலது கையைக் கழுத்திலிருந்து முழங்கால் வரை மெல்ல இறக்கிக் காட்டினாள். “இப்பிடிக் காட்டினேன்.”

அந்தக் கை போன வழியை நான் இன்றும் பார்க்கிறேன். அண்ணன் அதைச் சிங்களத்தில் ‘கஹனவா’, அரிக்கிறது, என்றிருப்பார். டொக்டர் மனதுக்குள் அதை ஆங்கிலமாக்கியிருப்பார். உடம்பெல்லாம் அரிப்பு என்றால் ஒவ்வாமை. ஒருவரும் தவறாகக் கேட்கவில்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை.

“அவர்கிட்ட சொல்லிறாதீங்க டொக்டர்” என்றாள். பிரபுவைச் சொன்னாள். “கெட்ட சீக்குன்னு நெனைப்பாரு.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

மெடத்திடம் தமிழில் சொன்னேன், பிறகு சிங்களத்தில். ‘வெள்ளை படும்’, ‘அரிக்குது’ இரண்டையும் அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தலையாட்டினார். அன்று பிற்பகலே, முதலில் சிறிய அளவு, பொறுத்திருந்து பார்த்து, பிறகு முழு அளவு என்று முடிவானது. கட்டிலைத் தாதிகளின் மேசைக்குப் பக்கத்துக்கு மாற்றினோம்.

பிரபு திரும்பி வந்தார். கட்டில் மாறியிருந்ததைப் பார்த்தார். பென்சிலின் என்று கேள்விப்பட்டார். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“சேராதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. இப்ப மட்டும் எப்பிடி டொக்டர் சேரும்?”

“அந்த எழுத்து தப்புன்னு நெனைக்கிறோம்.”

“எப்பிடித் தெரியும்? நேத்து வரைக்கும் சரின்னீங்களே. வேற மருந்து இல்ல, அதானே காரணம்? ஊசி போட்டு செத்தவங்கள எத்தன வீடியோல பாக்குறோம்!”

“எடுங்க. முழுசா எடுங்க. நடுவுல வெட்டாம எடுங்க” என்றேன். “ஆபத்து துளிகூட இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுக்கான மருந்தோட பக்கத்துலயே நிப்போம்.”

“நான் கேட்டது அது இல்ல. எப்பிடித் தெரியும்னு கேட்டேன்.”

அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. பதில் என் வாயில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தாதி என்னைப் பார்த்தாள். சுதர்சன் தரையைப் பார்த்தான். வாட்டு முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அவர் மறுத்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னால் அவளும் எழுந்து போய்விடுவாள், வீட்டில் இறந்துபோவாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

“போன வைங்க” என்றாள் மகேஸ்வரி.

“நீ சும்மா இரு.”

“ஊசி எனக்குத்தானே? வெள்ளை பட்டுச்சு. அங்கதான் அரிச்சிச்சு. வெக்கத்துல ஒடம்பெல்லாம்னு காட்டிட்டேன். அத எழுதிட்டாங்க. போதுமா? இப்ப இதையும் வீடியோல போடுங்க.”

பக்கத்துக் கட்டிலில் நீரிழிவுக் காலோடு படுத்திருந்த முஸ்லிம் அம்மா ஒருவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தார். “இதுக்கா மகன் படம் புடிக்கிறீங்க? பொம்புளயளுக்கு இல்லாத வருத்தமா? எனக்கும்தான் வந்திச்சு, ஒங்கட உம்மாட்டயும் கேட்டுப் பாருங்க. அந்தப் பிள்ளைக்கு ஊசியப் போட உடுங்க!”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பிரபுவின் காது சிவந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். மனைவியிடம், “இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார். “சொன்னா?” என்று அவள் கேட்டாள்.

செய்த முறையை எழுதுகிறேன், படிக்கிற மாணவர்களுக்காக. கையில் இரண்டு இரத்த நாளங்களில் ஊசிக்குழாய் போட்டு வைத்தோம். ஒட்சிசன் தயார். அட்ரினலின் மருந்தை ஊசியில் ஏற்றி, பெயர் ஒட்டி, தட்டில் என் வலது கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். தேவைப்பட்டால் தொடையின் வெளிப்பக்கத்தில் தசைக்குள் போட வேண்டும், யோசிக்கக்கூடாது. இரத்த அழுத்தமும் நாடியும் ஓடும் திரை அவள் தலைமாட்டில் இருந்தது. வயிற்றையும் கைகளையும் ஒருமுறை பார்த்து, தடிப்பு ஏதும் ஏற்கெனவே இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம். இதைப் பலர் மறப்பார்கள். பிறகு, முழு அளவில் மிகச் சிறிய ஒரு பங்கு, மெதுவாக. மெடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் பைக்குள்.

காத்திருந்தோம். உதட்டைப் பார்த்தேன், கண் இமையைப் பார்த்தேன். மூச்சைக் கேட்டேன். என் கால் ஆடிக்கொண்டிருந்தது.

“டொக்டர், அரிக்குது.”

என் கை தட்டுக்குப் போய்விட்டது. மெடத்துக்கு அந்தத் தமிழ்ச் சொல் இப்போது தெரியும், எழுந்துவிட்டார். சுதர்சன் ஒட்சிசனைத் திறந்தான்.

“எங்க?” நான் கத்தியிருக்க வேண்டும். “மகேஸ்வரி, எங்க?”

“இந்தா, இந்த பிளாஸ்டர் ஒட்டின எடத்துல. இழுக்குதுங்க.”

நெஞ்சில் திரைக்கான கம்பியை ஒட்டியிருந்த பிளாஸ்டர். எடுத்துப் பார்த்தோம். தோல் சுத்தமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா, “யா அல்லாஹ், இந்தப் புள்ள எங்கள பயத்துலயே மௌத்தாக்கிப் போடும்” என்றார். மெடம் திரும்ப உட்கார்ந்தார். முழு அளவும் போனது. ஒன்றும் நடக்கவில்லை. வாரக் கணக்கில் பென்சிலின் ஏறியது. காய்ச்சல் இறங்கியது. பூஞ்சைக்கும் மருந்து கொடுத்தோம். வெள்ளை படுவது நின்றது. மெடம் அவளுடைய கிளினிக் பொத்தகத்தில் ஒவ்வாமை என்ற சொல்லை வெட்டி, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டார். மாத ஊசியைத் திரும்பத் தொடங்கச் சொன்னார்.

இது வெற்றிக் கதை என்று சுதர்சன் சொல்லித் திரிந்தான். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. எக்கோ அறையில் வரிசை நீண்டிருந்ததால் எனக்கு அந்தக் கதை கிடைத்தது. பிரபு அந்த நேரம் கடைக்குப் போயிருந்ததால் கிடைத்தது. வரிசை குறைவாக இருந்திருந்தால்? என்னை வேறு வாட்டுக்குக் கூப்பிட்டிருந்தால்? அன்று மட்டும் எப்படியோ கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நோயாளியின் பொத்தகத்தைத் திறக்கும்போதும், இதில் எந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்க நேரம் இல்லை. இன்னும் இருவர் வெளிநாடு போனார்கள். அழைப்புகள் கூடின. பகல் முழுவதும் மற்றவர்களின் நோயாளிகளுக்கு வாயாக இருந்துவிட்டு, என் நோயாளிகளிடம் ‘ஒவ்வாமை இருக்கா, இல்லையா’ என்று நின்றபடி கேட்டு எழுத வேண்டியிருந்தது. இல்லை என்பார்கள். இல்லை என்று எழுதுவேன். அந்த ‘இல்லை’யை நான் நம்பவில்லை. நம்பாததை எழுதிக்கொண்டிருக்க முடியாமல் விலகினேன். போனில் கேட்ட தங்கைக்கு இதுதான் பதில்.

இன்றைய நிலை இது. நான் பிலிமத்தலாவையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தபடி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக மருந்துகளின் பக்கவிளைவு அறிக்கைகளை வாசித்துத் தரம் பிரிக்கிறேன். ‘அரிப்பு’ என்று ஒரு வரி வந்தால் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. திரையில் கேட்க ஆள் இல்லை. மெடம் ஒருமுறை போன் செய்தார். உன் இடம் இன்னும் காலிதான் என்றார். வருகிறாயா என்று கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை.

மகேஸ்வரி கடைக்கு வேலைக்குப் போகிறாள். வால்வு ஒப்பரேஷனுக்குத் தேதி கிடைக்கவில்லை. இப்போது கிளினிக்கில் கணினி வந்துவிட்டது. பழைய விவரங்களை ஏற்றியவர்கள், வெட்டிய சொல்லையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். அவளுடைய பெயரைத் தட்டினால் பென்சிலின் ஒவ்வாமை என்று வருகிறது. அதை அழிக்க யாருக்கு அதிகாரம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு டொக்டர் ஊசியை நிறுத்தி வைக்கிறார். ஒவ்வொரு மாதமும் அவள், வரிசையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “ஹெமதெனம நெமெய், பஹள விதரய்” என்கிறாள். எல்லா இடமும் இல்லை, கீழே மட்டும்தான். அந்த ஒரு சிங்கள வாக்கியத்தைத் தானே பாடமாக்கியிருக்கிறாள். சொன்ன பிறகு ஊசி போடுகிறார்கள்.